ஈப்போவில் அழுத்தினேன், பள்ளியில் அச்சானது

மாணவர்களே, இந்த வாரம் என்னைப் பற்றிய ஒரு வெட்கக்கேட்டோடு தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஈப்போவில் ஒரு பள்ளியில் நடந்த ஆசிரியர் பட்டறைக்குப் போயிருந்தேன். மதிய இடைவேளையில், படிவம் 3 அறிவியல் சோதனைத்தாளை ஒரு படி அச்சிட்டுப் பிழை பார்க்கலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். அந்தப் பள்ளியின் வைஃபையில் இணைந்துதான் இருந்தேன். அச்சிடும்படி அழுத்தினேன். பக்கத்தில் இருந்த பிரிண்டர் அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். மூன்றாம் முறையும் அழுத்தினேன். பிறகு சலித்துப்போய், கணினியை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை, என் பள்ளி ஆசிரியர் அறையில் கணினியைத் திறந்து வைத்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினேன். அறை மூலையில் இருந்த பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டு, அந்தச் சோதனைத்தாளை வரிசையாக மூன்று படி அச்சிட்டுத் தட்டில் வைத்தது. பயிற்சிப் புத்தகங்களை எடுக்க வந்த மாணவர் ஒருவர்தான் அதை முதலில் பார்த்தார். படிவம் 3 மாணவர். நல்ல பிள்ளை, தாள்களைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அவர் படித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்பது அவருக்கு நியாயமாகவும் இருக்காது. அன்றிரவு உட்கார்ந்து சோதனைத்தாள் முழுவதையும் மாற்றி எழுதினேன்.

இதில் பிரிண்டர் மீது குற்றமில்லை. நீங்கள் அச்சிடச் சொல்லும்போது கணினி தாளை நேராகப் பிரிண்டருக்கு அனுப்புவதில்லை. முதலில் அதை ஒரு வரிசையில் போட்டு வைக்கிறது. இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு ஸ்பூலர் என்று பெயர். என் கணினியில் 'வழக்கமான பிரிண்டர்' என்று குறிக்கப்பட்டிருந்தது என் பள்ளியின் பிரிண்டர். ஈப்போவில் அது கிடைக்கவில்லை. ஸ்பூலர் பொறுமையாகக் காத்திருந்தது. திங்கட்கிழமை பள்ளியின் பிணையத்தில் கணினி இணைந்தது, பிரிண்டர் தெரிந்தது, மூன்று வேலைகளும் போய்ச் சேர்ந்தன. நான் சொன்னதை அது அப்படியே செய்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

ஊர் ஊராகச் சென்று வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. என் தம்பி கணக்காய்வு வேலையில் இருக்கிறான். ஒரு வாரம் கோலாலம்பூர், மறுவாரம் ஈப்போ, அதற்கடுத்து ஜொகூர் பாரு. ஒவ்வொரு கிளையிலும் பிரிண்டர் வேறு. போய் உட்கார்ந்ததும் முதல் வேலை, தலைமை அலுவலகக் கணினிப் பிரிவுக்குப் போன் போடுவது. அந்த அதிகாரியும் பாவம், ஒவ்வொருவருக்கும் அதே வாக்கியங்களைச் சொல்வார்: "அமைப்புகளைத் திறங்க, பிரிண்டரைச் சேருங்கன்னு இருக்கும், அதை அழுத்துங்க, இப்ப என்ன தெரியுது?"

ஒரே படிகளை, ஒரே வரிசையில், ஒரே சொற்களில் மனிதர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால், அது கணினிக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய வேலை. அப்படி எழுதிக் கொடுப்பதற்குத்தான் ஸ்கிரிப்ட் என்று பெயர். ஸ்கிரிப்ட் என்றவுடன் ஏதோ பெரிய மென்பொருள் என்று பயப்பட வேண்டாம். சாதாரண எழுத்துக் கோப்புதான். மேலிருந்து கீழாகக் கணினி ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்துகொண்டே போகும்.

பிரிண்டரைச் சேர்க்க என்ன தேவை என்று பாருங்கள். முதலில் முகவரி. பிணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.50 என்பது போன்ற ஓர் ஐபி முகவரி உண்டு. பல அலுவலகப் பிரிண்டர்கள் 9100 என்ற எண்ணுள்ள போர்ட்டில் தாளுக்காகக் காத்திருக்கும். ஐபிபி என்ற முறையில் பேசுபவை 631-இல் காத்திருக்கும். முகவரி வீட்டு எண் என்றால் போர்ட் எந்தக் கதவைத் தட்டுவது என்பது. அடுத்தது டிரைவர். இவர் வண்டி ஓட்டுபவர் அல்லர்; உங்கள் கணினியின் பேச்சை அந்தக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் மென்பொருள். கடைசியாக, மனிதர்கள் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு பெயர். 'ஈப்போ 2-ஆம் மாடி' என்று வைத்தால் எல்லாருக்கும் விளங்கும். தொழிற்சாலை வைத்த எழுத்தும் எண்ணும் கலந்த பெயரை அப்படியே விட்டுவைப்பவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

விண்டோஸில் உள்ள பவர்ஷெல்லில் இந்த வேலைகளுக்கு 'ஆட்-பிரிண்டர்போர்ட்', 'ஆட்-பிரிண்டர்டிரைவர்', 'ஆட்-பிரிண்டர்' என மூன்று கட்டளைகள் இருக்கின்றன. (தட்டெழுதும்போது ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்.) மேக், லினக்ஸ் கணினிகளில் கப்ஸ் என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் எழுதத் தொடங்கி 1999-இல் வெளியிட்டது அது. அங்கே ஒரே வரியில் முடித்துவிடலாம்.

ஆக, பிரிண்டரைச் சேர்ப்பது மூன்று வரி வேலை. சிக்கல் அங்கே இல்லை. எந்தப் பிரிண்டரைச் சேர்ப்பது? கணினி இப்போது எந்த ஊரில் இருக்கிறது? ஸ்கிரிப்டுக்குக் கண் இல்லை. அது சான்றுகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அறிவியல் ஆசிரியரான எனக்கு இந்த விஷயம் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

வழக்கமாகச் செய்வது இது: ஒவ்வொரு கிளைக்கும் வேறு வேறு முகவரித் தொகுதி கொடுத்திருப்பார்கள். கணினி ஒரு கிளையில் இணைந்ததும் அதற்கும் அந்தத் தொகுதியிலிருந்து ஒரு முகவரி கிடைக்கும். 10.1 என்று தொடங்கினால் கோலாலம்பூர், 10.2 என்றால் ஜொகூர் பாரு என்று ஸ்கிரிப்ட் முடிவு செய்யும். தம்பியின் நிறுவனத்திலும் அந்த அதிகாரி ஒரு நாள் போன் பேசி அலுத்து, இப்படி ஒன்றை எழுதிவிட்டார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் போன் மணி அடிக்கவில்லையாம்.

ஈப்போ கிளை மட்டும் பழைய கிளை. அங்கே முகவரிகள் 192.168.1 என்று தொடங்கின. உங்கள் வீட்டு வைஃபையில் இணைந்து உங்கள் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏனென்றால் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய தொகுதிகள் யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ள 1990-களிலேயே ஒதுக்கப்பட்டவை. உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள்தான்.

தம்பி கிள்ளானில் தன் வீட்டில் உட்கார்ந்து கணினியைத் திறந்தான். ஸ்கிரிப்ட் 192.168.1-ஐப் பார்த்தது, "ஆகா, ஈப்போ" என்று முடிவு செய்து ஈப்போ பிரிண்டரை வழக்கமான பிரிண்டராக மாற்றியது. தம்பி வீட்டுக்கடன் பாரத்தை அச்சிட அழுத்தினான். வீட்டுப் பிரிண்டர் அசையவில்லை. அடுத்த வாரம் ஈப்போ அலுவலகத்தில் அவன் சம்பள விவரத்தோடு அந்தப் பாரம் வெளியே வந்து விழுந்தது. எனக்கு நடந்ததேதான்! "அக்கா, உங்க கதை என் தலையில வந்து விடிஞ்சிருச்சு" என்று போன் செய்தான். நான் சிரித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. அது ஒரு வாடிக்கையாளரின் கணக்குத்தாளாக இருந்திருந்தால் நானும் சிரித்திருக்க மாட்டேன்.

ஸ்கிரிப்டில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியும் சரியாக ஓடியது. தவறு அதன் ஊகத்தில். '192.168.1 என்றால் ஈப்போ' என்பது ஈப்போவில் உண்மை, கிள்ளானில் பொய். ஒரே ஒரு சான்றை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று ஆய்வுக்கூடத்தில் நான் சொல்லும்போது கொட்டாவி விடுகிறீர்களே, அதே பாடம்தான் இது. நீல லிட்மஸ் சிவப்பானால் அமிலம் என்று மட்டும் சொல்லலாம். எந்த அமிலம் என்று சொல்ல இன்னொரு சோதனை வேண்டும். பிறகு அந்த அதிகாரி இரண்டாவது சான்று ஒன்றைச் சேர்த்தார். முகவரி பொருந்தினால் மட்டும் போதாது, அந்தக் கிளைக்குள் மட்டுமே இருக்கும் சர்வர் ஒன்று பெயர் சொல்லி அழைத்தால் பதில் தர வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் எதையும் மாற்றாதே. 'தெரியவில்லை என்றால் சும்மா இரு' என்ற வரிதான் அந்த ஸ்கிரிப்டிலேயே புத்திசாலித்தனமான வரி என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். மின்தூக்கியின் பொத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பத்து முறை அழுத்தினாலும் ஒரே மின்தூக்கிதான் வரும். அக்கறையில்லாமல் எழுதிய ஸ்கிரிப்ட் அப்படி இருக்காது. ஒவ்வொரு காலையும் இன்னொரு பிரிண்டரைச் சேர்க்கப் பார்க்கும், அல்லது 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சிவப்பு எழுத்தில் கத்திவிட்டுப் பாதியில் நின்றுவிடும். சேர்ப்பதற்கு முன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரே ஒரு 'இஃப்' போதும். அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்தில் நீங்கள் வரையும் சார்த்தா ஆலிரில் வரும் அந்த வைர வடிவப் பெட்டி இதற்குத்தான்.

இத்தனை பாடு எதற்கு, என் கைப்பேசி பிரிண்டரைத் தானே கண்டுபிடிக்கிறதே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆப்பிளின் ஏர்பிரின்ட் 2010-இலேயே வந்துவிட்டது, டிரைவரும் தேவையில்லை. ஆனால் இந்தத் தானியங்கித் தேடல் பொதுவாக ஒரே பிணையப் பிரிவுக்குள் கூவி அழைப்பது. வீட்டில் ஒரு பிரிண்டர், ஒரு பிரிவு, வேலை முடிந்தது. அலுவலகத்தில் ஒவ்வொரு மாடியும் ஒரு பிரிவாக இருக்கலாம். கூவல் மாடி தாண்டாது. தாண்டினாலும் எட்டுப் பிரிண்டர்கள் பதில் சொன்னால் எது கணக்குப் பிரிவினுடையது, எது வரவேற்பறையில் எல்லார் கண்ணிலும் படும்படி இருப்பது என்று புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? விண்டோஸும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7, ஒவ்வொரு பிணையத்துக்கும் ஒரு வழக்கமான பிரிண்டரை நினைவில் வைக்கும் வசதியைத் தந்தது. 2015 இறுதியில் விண்டோஸ் 10 அதை மாற்றி, அந்த இடத்தில் கடைசியாக எதில் அச்சிட்டீர்களோ அதையே வழக்கமானதாக வைக்கத் தொடங்கியது. முதல் முறை போகும் இடத்தில் 'கடைசியாக' என்று ஒன்று ஏது?

இப்போது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய பகுதி. 2021-ஆம் ஆண்டின் நடுவில் விண்டோஸின் ஸ்பூலரில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், அச்சுக் கெட்டகனவு என்று சொல்லலாம். பிரிண்டர் டிரைவரை நிறுவுவதுபோல் நடித்து, ஒரு தாக்குநர் கணினியின் முழு அதிகாரத்தோடு எந்த நிரலையும் ஓட்ட முடிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத்துக்குப் பிறகு, பிணையப் பிரிண்டரின் டிரைவரை நிறுவ நிர்வாகி அதிகாரம் தேவை என்பது இயல்பான விதியானது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் ஜொகூர் பாருவில் நிற்கும் கணக்காய்வாளரிடம் நிர்வாகி அதிகாரம் கிடையாது, இருக்கவும் கூடாது.

இந்த நேரத்தில் மனம் ஒரு குறுக்கு வழியைச் சொல்லும்: நிர்வாகியின் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவிட்டால் என்ன? ஸ்கிரிப்ட் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு என்று மேலே சொன்னேன். அதைத் திறந்து பார்க்க நோட்பேட் போதும். வீட்டுச் சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இப்படி எழுதியவர்கள் உண்டு, பெரியவர்களே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எழுதாதீர்கள்.

சரியான வழி, வேலையை இரண்டாகப் பிரிப்பது. கணினியைப் பணியாளர் கையில் கொடுக்கும் முன், கணினிப் பிரிவு தன் அதிகாரத்தோடு எல்லாக் கிளைகளின் டிரைவர்களையும் போர்ட்டுகளையும் ஒரே தடவை நிறுவிவிட வேண்டும். ஊருக்கு ஊர் தினமும் ஓடும் ஸ்கிரிப்டுக்கு மிஞ்சும் வேலை, ஏற்கெனவே இருக்கும் பிரிண்டர்களில் எது இன்றைக்கு வழக்கமானது என்று மாற்றுவது மட்டும்தான். அதற்குச் சாதாரணப் பயனரின் அதிகாரமே போதும். எது எந்தக் கிளை, எந்த முகவரித் தொகுதி, எந்தப் பிரிண்டர் என்ற அட்டவணையைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டால், ஈப்போவில் பிரிண்டரை மாற்றும்போது அட்டவணையில் ஒரு வரியை மட்டும் திருத்தலாம்.

சில இடங்களில் இந்தப் பிரச்சினையையே வேறு மாதிரி தீர்த்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பொது வரிசை. எந்தக் கிளையில் இருந்தாலும் அதற்கே அனுப்பலாம். பிறகு ஏதாவது ஒரு பிரிண்டர் முன் போய் நின்று உங்கள் பணியாளர் அட்டையைத் தொட்டால்தான் தாள் வெளியே வரும். ஆள் இல்லாத தட்டில் தாள் விழாது. என் சோதனைத்தாளும் தப்பித்திருக்கும். கட்டுப்படியாகும் இடங்களில் ஸ்கிரிப்டை விட இதுவே மேல் என்பேன். சிறிய நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் அந்தச் செலவு எளிதல்ல.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 20 பணியாளர்கள், ஒவ்வொருவரும் மாதம் 2 கிளைகளுக்குப் போகிறார்கள், ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் வீண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 400 நிமிடம், ஆண்டுக்கு 80 மணி நேரம். ஸ்கிரிப்ட் எழுத மூன்று நாள் ஆனாலும் லாபம்தான். ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கணக்கு பாதிக் கதைதான். கையால் செய்தால் 40 தடவையில் ஒரு தடவை யாராவது தவறு செய்வார். ஸ்கிரிப்ட் தவறாக இருந்தால் 40 தடவையும் தவறு செய்யும், அதுவும் யாருக்கும் தெரியாமல், வேகமாக. அதனால்தான் தினசரி நேரத்தை மிச்சப்படுத்தும் ஸ்கிரிப்டை எழுதுவதற்கு நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும் என்கிறேன்.

"டீச்சர், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருமே" என்று என் வகுப்பிலும் ஒருவர் கேட்டார். தரும். அந்த மூன்று கட்டளைகளையும் என்னை விடச் சுத்தமாக எழுதும். ஆனால் ஈப்போ கிளையும் உங்கள் வீடும் ஒரே எண்களைப் பயன்படுத்துகின்றன என்று யாராவது அதற்குச் சொல்லியாக வேண்டும். கணக்குப் பிரிவின் பிரிண்டர் எந்த மூலையில் இருக்கிறது, அங்கே யார் யார் நடமாடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த வேலையை இரண்டு மூன்று முறை கையால் செய்து, ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிப் பார்ப்பது. அந்த அதிகாரி அத்தனை மாதம் போனில் பேசியது வீணாகவில்லை. எந்தக் கிளையில் என்ன கோளாறு என்று அவருக்கு மனப்பாடம். ஸ்கிரிப்ட் வந்ததால் அவர் வேலை போய்விடவும் இல்லை. அட்டவணையைச் சரியாக வைத்திருப்பது இப்போது அவர் பொறுப்பு.

பிரிண்டர் சள்ளையைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1980-ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் வேலை பார்த்தார். அங்கே இருந்த பழைய பிரிண்டரின் மென்பொருளை அவர் திருத்தியிருந்தார். தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்களின் கணினிக்குச் செய்தி போகும். யாராவது எழுந்து போய்ச் சரிசெய்வார்கள். பிறகு ஸெராக்ஸ் கொடுத்த புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதன் மென்பொருளின் மூலநிரல் தரப்படவில்லை, திருத்த முடியவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் மூலநிரலை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்த எரிச்சல் ஸ்டால்மனை விட்டுப் போகவில்லை. 1983-இல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கான காரணங்களில் ஒன்றாக இந்த நிகழ்வை அவரே சொல்லி வருகிறார். இன்றைய லினக்ஸ் கணினிகளில் க்னூவின் பங்கு பெரிது.

அதனால் கணினிப் பாடத்துக்குச் செயல்திட்டம் தேடும் மாணவர்களுக்கு என் பரிந்துரை: இன்னொரு விளையாட்டுச் செயலி வேண்டாம். உங்கள் பள்ளி அலுவலகத்துக்குப் போய், அங்கே வேலை செய்பவர் தினமும் எதைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போகிறார் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் சொல்லாமல் விடும் படிகள்தான் முக்கியம். பழகிப்போனதால் அவருக்கே அவை தெரியாது.

என் மடிக்கணினியில் இப்போது ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது, பன்னிரண்டு வரி. பிரிண்டரை மாற்றும் வேலையெல்லாம் அது செய்வதில்லை. கணினியைத் திறந்ததும் அச்சு வரிசையைப் பார்க்கும். பழைய வேலைகள் ஏதாவது காத்திருந்தால் அவற்றை அப்படியே நிறுத்தி வைத்து, "3 வேலைகள் காத்திருக்கின்றன, அச்சிடவா, நீக்கவா?" என்று கேட்கும். தானாக நீக்கிவிடும்படி முதலில் எழுதியிருந்தேன். ஒரு முறை தேர்ச்சி அறிக்கைகளையும் சேர்த்து நீக்கிவிட்டது. அதிலிருந்து கேட்கும்படி மாற்றி வைத்திருக்கிறேன்.